ஜெபத்தோடு சேர்க்கப்பட்ட தூபம்

லூக்கா தன் நற்செய்தியைத் தூப வேளையில் தொடங்குகிறார். அபியா வகுப்பைச் சேர்ந்த சகரியா என்னும் முதிய ஆசாரியருக்குச் சீட்டு விழுகிறது. அவர் ஆலயத்துக்குள் போய்த் தூபம் காட்டுகிறார். ஜனக்கூட்டம் வெளியே நின்று ஜெபம் செய்துகொண்டிருக்கிறது. தூபம் உள்ளே, ஜெபம் வெளியே. நேரம் ஒன்றுதான், காட்டுகிறவர் வேறு, வேண்டுகிறவர்கள் வேறு. பிரசங்கங்களில் இந்த விவரத்தைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. புகை மேலே ஏறுகிறது, ஜெபமும் அப்படித்தான் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுகிறோம். அந்த விளக்கத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் விவிலியத்தில் தூபம் வருகிற இடங்களைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே போனால், மேலே ஏறுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே என்று தெரியவருகிறது. அது மறைக்கிறது, சாவைத் தடுத்து நிறுத்துகிறது, முறை தவறினால் காட்டியவனையே கொல்கிறது. தூபமும் ஜெபமும் ஒன்றே என்று நேரடியாகச் சொல்லும் வசனங்களோ மிகக் குறைவு. அருகருகே நிற்கிற இரண்டாக அவற்றைக் காட்டும் இடங்களே அதிகம்.

சகரியாவுக்கு அன்று கிடைத்த வாய்ப்பு எத்தனை அரியது என்பதை மிஷ்னாவிலிருந்து அறியலாம். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட இந்த யூத மரபு நூலில் தாமீத் என்ற பகுதி ஆலயத்தின் அன்றாடப் பணிகளை விடியலிலிருந்து வரிசையாக விவரிக்கிறது. தூபத்துக்கு ஆள் எடுக்கும்போது, இதுவரை காட்டாதவர்கள் மட்டும் வந்து சீட்டில் சேரும்படி அறிவிப்பார்களாம். ஆக, ஓர் ஆசாரியனுக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் உண்டு. சீட்டு விழுந்தவன் பெரிய அகப்பை போன்ற பாத்திரத்துக்குள், தூபப் பொடி குவிந்த ஒரு சிறு கிண்ணத்தை வைத்து எடுத்துப் போவான். இன்னொருவன் வெளிப் பலிபீடத்தின் தணலை அள்ளிக்கொண்டு கூடவே வருவான். பொன் பீடத்தின்மேல் அதைப் பரப்பிவிட்டு, வணங்கி வெளியேறிவிடுவான். உன் பக்கமாகத் தூவத் தொடங்காதே, சுட்டுக்கொள்வாய் என்று புதியவனுக்கு எச்சரிக்கை உண்டு. அதிகாரி உத்தரவு கொடுக்கும்வரை தூவக் கூடாது. அதற்குள் ஆலய முகமண்டபத்துக்கும் பலிபீடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் ஆள்கூட இல்லாமல் எல்லோரும் விலகிவிட வேண்டும். பிறகு அவன் தனியன். பொடியைத் தூவி, வணங்கி, வெளியே வந்து, மற்ற ஆசாரியரோடு படிக்கட்டில் நின்று மக்களை ஆசீர்வதிப்பான்.

சகரியா வெளியே வரத் தாமதமாகிறது; மக்கள் ஆச்சரியப்படுகிறார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆச்சரியத்தோடு பயமும் கலந்திருக்க வேண்டும். பாவநிவாரண நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வெளிவரும் பிரதான ஆசாரியன், மக்கள் பதறிவிடக் கூடாது என்பதற்காகவே தன் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வான் என்று மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறது. உள்ளே போனவன் வரவில்லை என்றால் செத்திருப்பான் என்பதுதான் முதலில் எழும் நினைப்பு. சகரியா உயிரோடு வருகிறார், பேச்சில்லாமல். அன்றைய ஆசீர்வாதத்தை அவரால் சொல்ல முடியவில்லை. தூபபீடத்தின் வலப்பக்கத்தில் நின்ற காபிரியேல் அவரிடம் சொன்னதோ, வேண்டுதல் கேட்கப்பட்டது என்ற செய்தி. எந்த வேண்டுதல்? பிள்ளை வேண்டிக் கேட்டதா, ஜனத்தின் மீட்புக்காகக் கேட்டதா என்று உரையாசிரியர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். எந்தக் காலத்திலோ கேட்டு, முதுமையில் கேட்பதையே விட்டுவிட்ட வேண்டுதலாகத்தான் எனக்குப் படுகிறது. தூதன் சொன்னதை அவர் நம்பத் தயங்குவதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

தூபத்தோடு சாவின் அச்சம் ஏன் ஒட்டிக்கொண்டது? யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்திலிருந்தே அது தொடங்குகிறது. தூபபீடம் சிறியது: ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரம். சீத்திம் மரத்தில் செய்து பசும்பொன் தகடு போர்த்தியது. அதை வைக்கச் சொன்ன இடம் திரைச்சீலைக்கு முன்னால், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்துக்கு நேர் எதிரே. ஆரோன் காலையில் விளக்குகளைச் சுத்தம் செய்யும்போதும் மாலையில் ஏற்றும்போதும் அதன்மேல் தூபம் காட்ட வேண்டும். தகனபலி, போஜனபலி எதுவும் அதன்மேல் ஆகாது. கலவைக்கும் கணக்கு உண்டு: வெள்ளைப்போளம், குங்கிலியம், அல்பான் பிசின், சுத்தமான சாம்பிராணி, எல்லாம் சம எடை, உப்பும் சேரும். இந்தக் கலவையைத் தன் மூக்குக்காகச் செய்துகொள்கிறவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், தினமும் ஆடுமாடுகள் அறுக்கப்படும் இடத்தில் இரத்தமும் கொழுப்பும் கிளப்பும் நாற்றத்தைப் போக்கவே தூபம் ஏற்பட்டது என்று எழுதினார். பகுத்தறிவுக்கு ஒத்த விளக்கம்தான். ஆனால் நாற்றம் போக்கும் பொருளைத் திருட்டுத்தனமாக முகர்ந்து பார்த்ததற்கு இத்தனை கடுந்தண்டனை எதற்கு என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் கிடைக்காது.

லேவியராகமம் 10-இல் ஆரோனின் குமாரர் நாதாபும் அபியூவும் கட்டளையிடப்படாத அந்நிய நெருப்பில் தூபமிட்டு, கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்ட நெருப்பில் மாள்கிறார்கள். அந்தச் சாவை நினைவுபடுத்தியபடியேதான் 16-ஆம் அதிகாரம் பாவநிவாரண நாளின் முறையைச் சொல்லத் தொடங்குகிறது. பிரதான ஆசாரியன் தணல் நிறைந்த கலசத்தையும் இரண்டு கைப்பிடி தூபப் பொடியையும் எடுத்துத் திரைக்கு உட்புறம் போக வேண்டும். புகை மண்டலம் கிருபாசனத்தை மூட வேண்டும், அவன் சாகாதபடிக்கு. இங்கே புகை மேலே ஏறிக் கடவுளை எட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடவுள் அங்கேயே இருக்கிறார், எட்டும் தூரத்தில். பார்த்துவிடாமல் இருக்கத்தான் புகை.

இந்த இரண்டு கைப்பிடிப் புகைக்காக இரண்டாம் ஆலய காலத்தில் கட்சி பிரிந்தார்கள். பொடியைத் தணலில் போட்டுப் புகை கிளப்பிக்கொண்டே உள்ளே போக வேண்டும் என்றனர் சதுசேயர். உள்ளே போன பிறகுதான் போட வேண்டும் என்றனர் பரிசேயர். திரைக்கு உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாது என்பதால் மூப்பர்கள் முன்னதாகவே பிரதான ஆசாரியனிடம் ஆணை வாங்கிவிடுவார்கள். தன்மேல் இப்படி ஒரு சந்தேகமா என்று அவன் ஒதுங்கி நின்று அழுவானாம். சந்தேகப்பட வேண்டியிருக்கிறதே என்று அவர்களும் ஒதுங்கி நின்று அழுவார்களாம். மிஷ்னா இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. சட்ட நூல் ஒன்றில் இப்படி ஓர் அழுகையை எதிர்பார்க்க மாட்டோம்.

தூபத்துக்கும் மன்றாட்டுக்கும் உள்ள உறவை மிகத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி எண்ணாகமம் 16-இல் இருக்கிறது என்பேன். மோசேயையும் ஆரோனையும் எதிர்த்த கோராகோடு சேர்ந்த 250 பேர் ஆளுக்கொரு தூபகலசத்தோடு வந்து நின்று நெருப்புக்கு இரையாகிறார்கள். அவர்களுடைய வெண்கலக் கலசங்கள் தட்டையாக அடிக்கப்பட்டுப் பலிபீடத்துக்கு மூடுதகடாகின்றன. மறுநாள் ஜனங்கள் முறுமுறுக்க, வாதை பரவுகிறது. மோசே ஆரோனை விரட்டுகிறார்: கலசத்தை எடு, பீடத்து நெருப்பைப் போடு, தூபவர்க்கம் இடு, சீக்கிரம் சபைக்குள் போ. வயதான பிரதான ஆசாரியன் கையில் புகையும் கலசத்தோடு கூட்டத்துக்குள் ஓடுகிறார். செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவே போய் நிற்கிறார். வாதை நிற்கிறது. அதற்குள் 14,700 பேர் மாண்டிருந்தார்கள். ஆரோன் வாய் திறந்து ஒரு வார்த்தை ஜெபித்ததாக வசனம் சொல்லவில்லை. நடுவில் போய் நின்றதே மன்றாட்டு. ஆலயத்துக்கு வெளியே, பீடம் இல்லாமல், சாவின் விளிம்பில் தூபம் காட்டப்பட்ட ஒரே இடம் இது. முந்தின நாள் 250 பேரைக் கொன்ற அதே பொருள் இன்று மிச்சமுள்ளவர்களைக் காக்கிறது. பிறருக்காகப் பரிந்து பேசுதல் என்று கிறிஸ்தவர்கள் பின்னால் சொன்னதற்கெல்லாம் வேர் இந்த ஓட்டத்தில் இருக்கிறது.

தூபம் காட்டும் உரிமையைப் பற்றிய பயம் அரசர்களையும் விடவில்லை. உசியா ராஜா ஆலயத்துக்குள் புகுந்து கையில் தூபகலசத்தோடு தூபபீடத்தருகே நின்றபோது நெற்றியில் குஷ்டம் தோன்றியது என்கிறது இரண்டாம் நாளாகமம்.

மணத்துக்கு ஒரு விலை உண்டு. விவிலியம் சொல்லும் சாம்பிராணி தென் அரேபியாவிலிருந்து வந்தது. இன்றைய ஓமானின் தோபார் பகுதியிலும் ஏமனிலும் வளரும் போஸ்வெல்லியா மரத்தின் பிசின். பட்டையைச் சீவிவிட்டால் பால் போலக் கசிந்து, மணி மணியாக உறையும். (நம் கடைகளில் சாம்பிராணி என்று வாங்குவது பெரும்பாலும் ஸ்டைரக்ஸ் என்னும் வேறொரு மரத்தின் பிசின், அது வருவது சுமத்ரா பக்கத்திலிருந்து.) கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினி, தென் அரேபியாவின் தோம்னாவிலிருந்து காசா வரை ஒட்டகங்கள் 65 இடங்களில் தங்கி வர வேண்டியிருந்தது என்றும், வழிநெடுகத் தண்ணீருக்கு, தீவனத்துக்கு, தங்குவதற்கு, சுங்கத்துக்கு என்று கொடுத்துக் கொடுத்தே ஓர் ஒட்டகச் சுமைக்கு 688 தெனாரியஸ் செலவானது என்றும் கணக்குச் சொல்கிறார். மத்தேயுவில் சாஸ்திரிகள் குழந்தையின் முன் வைத்த சாம்பிராணி பொன்னுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த பண்டம்தான். மறுபுறம், புறாக்குஞ்சு வாங்கவும் வசதியில்லாத ஏழை பாவநிவாரணத்துக்காகக் கொண்டுவரும் மாவின்மேல் சாம்பிராணி போடவே கூடாது என்கிறது லேவியராகமம் 5. அது பாவநிவாரண பலி என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். ஆனாலும் ஏழையின் விண்ணப்பம் மணமில்லாமலேயே ஏற்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆலயத் தூபக் கலவையின் இரகசியத்தைக் கைக்குள் வைத்திருந்தது அப்தினாஸ் என்னும் குடும்பம். அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மறுத்ததால் அலெக்சாந்திரியாவிலிருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்தார்கள் என்கிறது தல்மூத். வந்தவர்களுக்குக் கலக்கத் தெரிந்தது. புகையை நேராக எழுப்பத் தெரியவில்லை. அப்தினாஸ் வீட்டார் செய்த தூபம் கழி நட்டதுபோல நேரே ஏறும், மற்றவர்களுடையது பக்கவாட்டில் கலையும். வேறு வழியில்லாமல் அவர்களையே திரும்ப அழைத்துக் கூலியையும் இரட்டிப்பாக்கினார்கள். ஆலயத்தின் தூபத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஊர் பேசிவிடக் கூடாது என்பதால் அந்த வீட்டு மணப்பெண்கள்கூட வாசனை பூசிக்கொண்டு வெளியே வந்ததில்லையாம். மிக்வார் மலையில் மேய்ந்த தன் தகப்பன் வீட்டு ஆடுகள் எருசலேமின் தூப வாசனைக்குத் தும்மும் என்று ஒரு ரபி சொன்னதையும் மிஷ்னா பதிந்திருக்கிறது. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட ஆலயத்தை மூக்கால் நினைவுகூர்ந்தவர்களின் பேச்சு இது. மிகை இருக்கத்தான் செய்யும்.

எல்லாக் கோவிலிலும் எல்லாக் காலத்திலும் யாத்திராகமக் கலவைதான் புகைந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். நெகேவ் பாலைவனத்தின் ஓரத்தில் தெல் அராத் கோட்டைக்குள் யூதா நாட்டுச் சிறு கோவில் ஒன்றை 1960-களில் யோகனான் அகரோனி அகழ்ந்தெடுத்தார். அதன் உட்கருவறை வாசலில் இரண்டு சுண்ணாம்புக்கல் பீடங்கள் கிடந்தன. ஒன்று 52 செ.மீ. உயரம், மற்றது 40 செ.மீ. இவற்றின் மேல் ஒட்டியிருந்த கரிய படிவை வேதியியல் முறையில் ஆராய்ந்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். பெரிய பீடத்தில் சாம்பிராணியும் விலங்குக் கொழுப்பும். சிறிய பீடத்தில் கஞ்சாவும் விலங்குச் சாணமும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அங்கே இரண்டு வேறு மணங்கள் வேறு வேறு நோக்கத்துக்காக எரிந்திருக்கின்றன. பத்திரிகைகள் கஞ்சாவைப் பிடித்துக்கொண்டன. விலை உயர்ந்த சாம்பிராணி அத்தனை தூரத்திலிருந்து ஒரு எல்லைக் கோட்டையின் சிறு கோவிலுக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

பலியிலிருந்து தூபம் தனியே பிரிந்த ஒரு தருணமும் ஆவணமாக இருக்கிறது. நைல் நதியில் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதப் படைவீரர்களின் கோவில் கி.மு. 410-இல் இடிக்கப்பட்டது. திரும்பக் கட்டித் தரும்படி கி.மு. 407-இல் யூதேயாவின் ஆளுநர் பகோகிக்கு எழுதிய மனுவில், அங்கே போஜனபலி, தூபம், தகனபலி மூன்றையும் செலுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வந்த பதிலில் போஜனபலியும் தூபமும் மட்டுமே இருந்தன, தகனபலி விடுபட்டிருந்தது. எருசலேம் தவிர வேறெங்கும் இரத்தப் பலி கூடாது என்ற எண்ணமா, பாரசீகரையும் எகிப்தியரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற எண்ணமா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். பலி இல்லாத இடத்திலும் தூபம் நிற்கலாம் என்று ஆகிவிட்டது. ஜெபத்தின் பக்கம் அது நகர இதுவும் ஒரு படி.

தீர்க்கதரிசிகள் இந்த மணத்தை நம்பவில்லை. ஏசாயா தொடக்க அதிகாரத்திலேயே கர்த்தர் தூபத்தை அருவருக்கிறார் என்கிறார்; அதே மூச்சில், எத்தனை ஜெபம் செய்தாலும் கேட்க மாட்டேன், உங்கள் கைகளில் இரத்தம் இருக்கிறது என்கிறார். சேபாவிலிருந்து வரும் தூபவர்க்கம் எனக்கு எதற்கு என்று எரேமியா 6 கேட்கிறது. எசேக்கியேல் எட்டாம் அதிகாரத்தில், ஆலயத்தின் இருட்டறையில் சுவரெல்லாம் வரைந்த உருவங்களுக்கு முன் இஸ்ரவேலின் 70 மூப்பர்கள் கலசம் ஏந்தி நிற்க, தூபப் புகை அடர்த்தியாய் எழும்புகிறது. கர்த்தர் தேசத்தைக் கைவிட்டார், பார்க்க மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. கிருபாசனத்தைப் பார்த்து மனிதன் சாகாதபடி மூடிய புகை, இங்கே மனிதன் செய்வதைக் கடவுள் பாராதபடி மூடுகிற புகையாக மாறிவிடுகிறது. ஆலயம் இடிந்த பிறகு சீகேம், சீலோ, சமாரியாவிலிருந்து தாடி சிரைத்து, வஸ்திரம் கிழித்து, காணிக்கையும் சாம்பிராணியும் கையில் ஏந்தி வந்த 80 பேரை எரேமியா 41 காட்டுகிறது. கொண்டுபோய் வைக்கப் பீடமே இல்லாத ஊருக்கு அவர்கள் நடந்தார்கள். வழியிலேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

இவற்றையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு சங்கீதம் 141-க்கு (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் திருப்பாடல் 141) வந்தால் அதன் இரண்டாம் வசனம் வேறு விதமாய் ஒலிக்கும். ஜெபம் தூபமாகவும், உயர்த்திய கைகள் அந்திப்பலியாகவும் இருக்கட்டும் என்று பாடகர் கேட்கிறார். ஜெபம் தூபம்போல இருக்கிறது என்று அவர் வருணிக்கவில்லை. அப்படி எண்ணிக்கொள்ளும்படி விண்ணப்பிக்கிறார். அவரிடம் தூபமும் இல்லை, பலியும் இல்லை, அல்லது அவற்றுக்கு அருகே அவர் இல்லை. கையில் இருப்பது ஜெபம் ஒன்றே. அதைத் தூபக் கணக்கில் வரவு வைக்கும்படி மன்றாடுகிறார். உடனே அடுத்த வரியில் தன் வாய்க்குக் காவல் கேட்கிறார். அக்கிரமக்காரரின் விருந்துப் பண்டங்களை உண்ணாதபடி காக்கச் சொல்கிறார். பீடத்தின்மேல் அந்நிய தூபம் காட்டக் கூடாது என்ற யாத்திராகமச் சட்டம், இங்கே நாவில் அந்நியமானது சேரக் கூடாது என்ற கவலையாகியிருக்கிறது.

தூரத்தில் இருந்தவர்கள் நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாபிலோனில் தானியேல் ஜெபிக்கும்போது தூதன் வருவது அந்திப்பலி நேரத்தில். அப்போது எருசலேமில் பலியே கிடையாது. யூதித்து, எருசலேமில் மாலைத் தூபம் காட்டப்படும் அதே நேரத்தில் சாம்பல் பூசிக்கொண்டு முகங்குப்புற விழுந்து வேண்டுகிறாள். ஆலய ஆசாரியரோடு பிணங்கிச் சவக்கடல் ஓரம் ஒதுங்கிய கும்ரான் குழுவோ, தங்கள் ஒழுங்கு நூலில் உதடுகளின் காணிக்கையையே நீதியின் நறுமணம் என்று எழுதிவைத்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் செசரியாவின் நூற்றுக்கதிபதி கொர்நேலியுவிடம், உன் ஜெபங்களும் தருமங்களும் நினைவுக் குறியாய் எட்டின என்று தூதன் சொல்வது, போஜனபலியில் சாம்பிராணியோடு எரிக்கப்பட்ட நினைவுப் பங்கைக் குறித்து லேவியராகமம் 2 பேசும் மொழி. யூதனல்லாத, ஆலயத்தின் உட்பிராகாரத்தில் கால் வைக்க முடியாத ஒருவனுக்கு அந்த மொழி பேசப்படுகிறது. ஜெபத்தோடு தருமமும் சேர்ந்தே ஏறுகிறது.

முதல் கிறிஸ்தவர்கள் தூபம் வளர்க்கவில்லை. அவர்களைச் சுற்றி எரிந்த தூபம் வேறு வகையானது. கி.பி. 112 அளவில் பித்தினியாவை ஆண்ட இளைய பிளினி, கிறிஸ்தவர் என்று பிடித்து வரப்பட்டவர்களைப் பேரரசனின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிச் சோதித்ததை டிராஜனுக்கு எழுதினார். 250-இல் டேசியஸ் ஆணைப்படி தெய்வங்களுக்குப் பலி செலுத்தினோம் என்று சான்று வாங்கியவர்களின் சீட்டுகள் எகிப்தின் மணலில் 40-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பலியிறைச்சி உண்ணாமல் தூபம் மட்டும் போட்டுத் தப்பியவர்களைத் தனி வகுப்பாகவே வைத்து, எந்த அளவு தவம் விதிப்பது என்று கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் காலத்தில் வழக்காடினார்கள். இரண்டு விரலால் எடுக்கும் சில மணிகள். அதற்குள் ஒருவருடைய விசுவாசம் அடங்கிவிட்டது. நாங்கள் தூபம் வாங்குவதில்லை, அரேபிய வியாபாரிகள் குறைப்பட வேண்டாம், எங்கள் இறந்தோரைப் புதைக்க அதைவிட அதிகமாய் அவர்கள் சரக்கை வாங்குகிறோம் என்று தெர்த்துல்லியன் கேலியாகவே எழுதினார். மல்கியா 1-இல் எல்லா இடத்திலும் தூபம் காட்டப்படும் என்று வருவதை விளக்க இரேனியு வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்துக்கொண்டார்: அந்தத் தூபம் பரிசுத்தவான்களின் ஜெபம். அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட், பல நாவுகளும் குரல்களும் ஒன்றாய்க் கூடிய சபையின் ஜெபத்தையே மோசேயின் கூட்டுத் தூபம் என்று படித்தார்.

பேரரசே கிறிஸ்தவமான பிறகு நிலைமை தலைகீழாகியது. 392-இல் தியோதோசியுஸ், வீட்டுத் தெய்வங்களுக்குத் தூபமிட்ட இடத்தை அரசுக் கருவூலத்துக்குப் பறிமுதல் செய்யச் சட்டம் போட்டார். அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண், ஞாயிறு அதிகாலையில் உயிர்த்தெழுதல் ஆலயத்தின் கல்லறைக் குகைக்குள் தூபகலசங்கள் கொண்டுவரப்படுவதையும், ஆலயம் முழுக்க மணம் நிறைவதையும், அதன் பிறகே ஆயர் உயிர்த்தெழுதல் நற்செய்தியை வாசிப்பதையும் எழுதியிருக்கிறார். கந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு வந்த பெண்களின் அதிகாலை அங்கே வாரந்தோறும் மணத்தால் நடிக்கப்பட்டது. சங்கீதம் 141 கீழைத் திருச்சபைகளின் மாலை வழிபாட்டில் இன்றும் தூபத்தோடு பாடப்படுகிறது. கத்தோலிக்கத் திருப்பலியின் பொதுப் போதனை நூலும் தூபத்துக்கு ஆதாரமாக அந்தச் சங்கீதத்தையும் வெளிப்படுத்தின விசேஷம் 8-ஐயும் சுட்டுகிறது. தமிழ்ச் சீர்திருத்த சபைகளிலோ கலசம் கிடையாது. ஆனால் ஜெபத்தில் 'தூபவர்க்கமாக ஏற்றுக்கொள்ளும்' என்று சொல்லாத ஞாயிறு குறைவு.

இரு தரப்பும் போய் நிற்கிற விவிலியத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைச் சற்று மெதுவாக வாசிக்க வேண்டும். ஐந்தாம் அதிகாரத்தில் 24 மூப்பர்கள் தூபவர்க்கத்தால் நிறைந்த பொற்கலசங்களை வைத்திருக்கிறார்கள். அவை பரிசுத்தவான்களின் ஜெபங்கள் என்று யோவானே விளக்கம் கொடுத்துவிடுகிறார். தூபம்தான் ஜெபம். எட்டாம் அதிகாரத்தில் அப்படி இல்லை. பொன் கலசம் பிடித்த தூதன் பீடத்தருகே நிற்கிறான். சகல பரிசுத்தவான்களின் ஜெபங்களோடும் செலுத்தும்படி அவனுக்கு மிகுந்த தூபவர்க்கம் கொடுக்கப்படுகிறது. ஜெபங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. தூபம் வந்து சேர்கிறது. புகை எழும்புவது ஜெபங்களோடு கூட. ஒரே நூலில் மூன்று அதிகார இடைவெளியில் உருவகம் இரண்டாகப் பிரிகிறது. இதை எழுத்தாளரின் கவனக்குறைவு என்று தள்ள எனக்கு மனமில்லை. லூக்காவின் ஆலயத்திலும் ஆரோனின் ஓட்டத்திலும் பார்த்தது இந்த இரண்டாம் வடிவம்தான்.

அந்த ஜெபங்கள் யாருடையவை? இடையில் ஆறாம் அதிகாரம் பதில் வைத்திருக்கிறது. கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் எங்கள் இரத்தத்துக்கு நியாயம் தீர்க்காமல் இருப்பீர் என்று கூக்குரலிடுகின்றன. கொஞ்சக் காலம் பொறுத்திருக்கச் சொல்லி அவர்களுக்கு வெள்ளை அங்கி தரப்படுகிறது. எட்டாம் அதிகாரம் திறக்கும்போது வானத்தில் அரை மணி நேரம் அமைதி. இந்த ஜெபங்கள் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே வானத்தின் துதிகள் நிறுத்தப்பட்டன என்று 1920-இல் வெளிவந்த தன் உரையில் ஆர்.எச். சார்லஸ் எழுதினார், பகலில் இஸ்ரவேலின் துதி கேட்கும்படி தூதர்கள் மௌனம் காப்பார்கள் என்ற யூத மரபை அவர் துணைக்கு அழைத்தார். இந்த விளக்கம் எனக்கு உடன்பாடு. ஆசிய நாட்டின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட நூல் இது. அவற்றில் ஒன்றான பெர்கமுவில் அகஸ்துவுக்கும் ரோமாபுரிக்கும் கி.மு. 29-இலேயே கோவில் எழுப்ப அனுமதி கிடைத்திருந்தது. வீதியில் தூபம் எரிந்தது பேரரசனுக்கு. 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வணிகர்கள் இனி விலைபோகாது என்று அழும் சரக்குப் பட்டியலில் தூபவர்க்கமும் சாம்பிராணியும் இருக்கின்றன. அதே பட்டியல் மனித உயிர்களோடு முடிகிறது.

புகை ஏறியதும் காட்சி முடியவில்லை. தூதன் அதே கலசத்தைப் பீடத்து நெருப்பால் நிரப்பிப் பூமியிலே கொட்டுகிறான். இடிமுழக்கம், மின்னல், பூமியதிர்ச்சி. எசேக்கியேல் பத்தாம் அதிகாரத்தில் சணல்நூல் அங்கி தரித்தவன் கேருபீன்களின் நடுவிலிருந்து தணலை அள்ளி எருசலேமின்மேல் இறைத்தது இதற்கு முன்மாதிரி. ஏறியதற்கு இதுதான் பதில். இந்த வசனத்தை ஒருவர் ஆறுதல் செய்தியாகப் பிரசங்கித்தால் அவர் எந்தப் பக்கம் நின்று வாசிக்கிறார் என்று கேட்க வேண்டும்: பலிபீடத்தின் கீழிருந்தா, வணிகர்களின் துறைமுகத்திலிருந்தா.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தத் தூபத்தைத் தூதனுக்குக் கொடுத்தது யார்? வசனம் 'கொடுக்கப்பட்டது' என்று மட்டும் சொல்கிறது. பழைய சீர்திருத்த உரையாசிரியர் பலர் தூதனையே கிறிஸ்துவாகவும், தூபத்தை அவருடைய பரிந்துரையாகவும் கொண்டார்கள். நம் ஜெபங்களில் குறைவுபட்ட மணம் அவரிடமிருந்து வருகிறது என்பது அவர்கள் வாதம். கத்தோலிக்க வாசிப்பு, தோபித்து நூலில் ரபேல் ஜெபங்களை ஆண்டவர்முன் கொண்டுபோனதோடு இதைச் சேர்த்து, வானதூதரின் துணையைக் காண்கிறது. தூதன் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து எதையும் போடவில்லை என்பதில் இரு சாராருக்கும் தகராறு இல்லை. ஜெபித்தவர்களும் அந்தத் தூபத்தைக் கொண்டுவரவில்லை.